ஆளில்லை என்று வைத்துக்கொள்வோம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம்தான். குளிர் மட்டும் காதைப் பிடித்துத் திருகுகிறது. உன் இடது காது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போல் ‘அடுத்த வாரம்’தானா? அத்தானின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் நீ ‘என்ன, என்ன’ என்று கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால் நீ சொன்னபடி கடிதமே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கீபோர்டு தட்டித் தட்டி விரலுக்குப் பேனா மறந்துவிட்டது.

புது வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் கம்பெனி ஊர் ஊராகத் தண்ணீர் அலுவலகங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருகிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் குழாய் உடைந்தால் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் வீணாகப் போகிறது. அப்படிப்பட்ட வீடுகளை முன்கூட்டியே கண்டுபிடித்து, தெருவில் இருக்கும் வால்வை மூடிவிட வேண்டும். கண்டுபிடிப்பது என் வேலை. வீடு வீடாகப் போய்ப் பார்க்க யாரும் இல்லை. நான் மீட்டரைப் பார்க்கிறேன். தொடர்ந்து மூன்று மாதம் தண்ணீர் பெயருக்குத்தான் ஓடியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் ஆளில்லை என்று வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் விதி. சோதித்துப் பார்த்ததில் பத்துக்கு ஒன்பது சரி. எங்கள் மேலாளர் அம்மா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

அடுத்த அறையில் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் ‘பண்டிதர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் வேலைக்கு ஆன்டாலஜி என்று பெயர். எங்கள் புரோகிராமின் உலகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று தீர்மானிக்க வேண்டும். வீடு ஒரு பொருள், குடித்தனம் ஒரு பொருள், இணைப்பு ஒரு பொருள், இப்படி. ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் வீடு ஒன்றா இரண்டா என்று வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார், மனுஷன். நான் செய்வதற்குப் பெயர் ஹியூரிஸ்டிக்காம். குத்துமதிப்புக்குக் கோட்டும் சூட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள்.

நீ கல்லூரியில் மெய்யியல் நடத்துகிறவள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நாலு வரியில் சொல். பண்டிதரிடம் எடுத்துவிடுகிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. காது அப்படியே இருக்கிறது. டாக்டர் அடுத்த வாரம்தான். அத்தான் வெளியே போயிருக்கிறார். வந்ததும் நீ கேட்டதைச் சொல்கிறேன்.

நாலு வரி கேட்டாய். என் மாணவர்களும் இப்படித்தான், பரீட்சைக்கு முந்தின நாள் வந்து நிற்பார்கள். சரி, கேள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது பூமி தட்டை என்று வைத்துக்கொண்டுதான் நூல் பிடிக்கிறார். சுவர் நேராக வருகிறது. அவர் செய்தது தப்பே இல்லை. ஆனால் சுவர் நேராக வந்தது என்பதற்காகப் பூமி தட்டையாகிவிடாது. வேலை நடக்க வேண்டும் என்பதற்காக ஒன்றை வைத்துக்கொள்வது உன் குத்துமதிப்பு. என்ன இருக்கிறது என்று கேட்பது பண்டிதரின் தொழில். முதலாவதைப் பார்த்து ‘உதவுகிறதா?’ என்று கேட்கலாம். இரண்டாவதைப் பார்த்து ‘உண்மையா?’ என்றுதான் கேட்க முடியும்.

ஆபத்து எங்கே என்றால், வைத்துக்கொண்டது நன்றாக உதவ உதவ, அது வைத்துக்கொண்டது என்பதே மறந்துபோகும். மறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அடுத்த வருடம் ஓய்வு கொடுத்துவிட்டு அதையும் மறக்கச் சொல்வார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெளியே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சளி, தும்மல் தவிர நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் எப்படி?

ஒரு வேடிக்கை கேள். உன் ஊர்த் தண்ணீர் அலுவலகமும் இப்போது எங்கள் கையில். புது ஊர் வந்தால் முதலில் தெரிந்தவர் வீட்டைத் தேடிப் பார்ப்பது எங்கள் அறையில் வழக்கம். உன் தெருவைப் போட்டேன், மூன்றாம் மாடியைப் போட்டேன். ‘ஆளில்லை என்று வைத்துக்கொள்ளப்பட்டது’ என்று வந்தது! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பத்தில் ஒன்று தப்பும் என்று சொன்னேனே, அந்த ஒன்று என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் மாதாமாதம் ஓடின கணக்கைப் பார்த்தேன். போன ஆகஸ்ட் வரை இரண்டு பேர் புழங்குகிற வீடாகத்தான் இருக்கிறது. ஆகஸ்டில் பாதியாகிவிட்டது. அதற்கப்புறம் பாதியும் இல்லை. ஒரு ஆள் முகம் கழுவினால் ஆகிற தண்ணீர்.

மீட்டர் பழுதா? அத்தான் ஊருக்கு எங்கேயாவது போயிருக்கிறாரா? நீ எழுதவே இல்லையே என்று கேட்டேன், வேறொன்றும் இல்லை.

உன் தம்பி


மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, விடைத்தாள் மலைபோல் குவிந்திருந்தது. உன் சளி இதற்குள் போயிருக்கும். இங்கே எப்போதும்போல் போகிறது. அத்தான் வெளியே போயிருக்கிறார்.

மீட்டர் பழசு. எங்கள் கட்டடத்தில் எதுதான் புதுசு? லிஃப்ட்கூட என்னைவிட மூத்தது.

உன் விதியைப் பற்றி யோசித்தேன். எங்கள் கல்லூரி வாட்ச்மேனும் ஒரு விதி வைத்திருக்கிறார். விளக்கு எரியாத அறையில் ஆளில்லை என்று வைத்துக்கொண்டு சாயங்காலம் பூட்டிவிடுவார். போன மாதம் ஆசிரியர் அறையில் நான் விளக்குப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே பூட்டு விழுந்தது. கதவைத் தட்டினேன். வந்து திறந்தவர், “இருட்டுல என்னம்மா பண்றீங்க? வீட்டுக்குப் போலியா?” என்றார். யோசனையில் இருந்துவிட்டேன் என்றேன். மெய்யியல் டீச்சர் என்பதால் நம்பிவிட்டார். இந்தத் தொழிலில் அந்த ஒரு வசதி உண்டு.

ஆனால் பார், அவர் குத்துமதிப்பாகப் பூட்டினாலும் தட்டினால் வந்து திறக்கிறார். உன் விதிக்குக் காது இருக்கிறதா? குத்துமதிப்பு எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்லட்டும். குழாயை மூடு என்று சொல்ல அதற்கு அருகதை இல்லை. இதை உன் மேலாளர் அம்மாவிடம் போய்ச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், மனசுதான் சரியில்லை.

பண்டிதர் முடிக்கிற வழியாய் இல்லை என்று மேலாளர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. நான் வைத்திருந்த குறிப்பை அப்படியே தூக்கி முதன்மைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். ‘ஆளில்லை என்று வைத்துக்கொள்ளப்பட்டது’ என்ற தலைப்பு திரையில் இடம் கொள்ளவில்லையாம். ‘ஆளில்லா வீடு’ என்று சுருக்கிவிட்டார்கள். இப்போது தனி வீடு, அடுக்கு வீடு, ஆளில்லா வீடு என்று அது ஒரு வகையாகவே நிற்கிறது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று இனிமேல் யாரும் கேட்கப்போவதில்லை. நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது, என் கண்ணெதிரே.

நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். “பத்துக்கு ஒம்பது சரியா வருதுல்ல, அப்புறம் என்னப்பா?” என்றார். என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். வந்து கொஞ்ச மாதம்தானே ஆகிறது.

உன் வீட்டை மட்டும் கையாலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட என்னால் முடியும். செய்யட்டுமா?

அத்தானை ஒரு வரி எழுதச் சொல்லேன். அவர் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள வாலுவுக்கு,

மனசு சரியில்லை என்று எழுதியிருந்தாய். தூக்கம் வருகிறதா?

என் வீட்டை மட்டும் எடுக்காதே. நீ என் தம்பி என்பதற்காக என்னை மட்டும் இருப்பவளாக ஆக்கினால், தம்பி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? எடுப்பதென்றால் விதியை எடு. இல்லையென்றால் என்னையும் அவர்களோடு விட்டுவிடு.

அத்தான் வெளியே போயிருக்கிறார்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கம் வருகிறது, வராமல் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஊர்க்கதை எல்லாம் எழுதுகிறாய். ஆனாலும் கேட்கிறேன்.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? எடுக்கவில்லை. பட்டியல் போன வாரம் எல்லா ஊருக்கும் போய்விட்டது. வால்வை மூடப்போகிறவர்கள் எப்படியும் ஒரு தடவை கதவைப் பார்ப்பார்கள் என்று மேலாளர் அம்மா சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஏதாவது என்றால் உடனே எழுது. போன் செய்தாலும் சரி, நான் கத்திப் பேசுகிறேன், அக்கம்பக்கம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

உன் தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதக் கடைசியில் ஒரு காலை குழாயைத் திறந்தேன், காற்று வந்தது. கீழ் வீட்டில் தண்ணீர் வருகிறது, எதிர் வீட்டில் வருகிறது. சரி, உன் ஆட்கள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று புரிந்தது. யாரும் கதவைத் தட்டினதாகத் தெரியவில்லை. பகலில் தட்டியிருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன்.

தண்ணீர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார்.

“அந்த வீட்ல ஆளில்லன்னு காட்டுதும்மா.”

“நான்தாங்க அந்த வீட்டு ஆள்.”

“நீங்க இங்க நிக்கிறீங்க. இப்ப வீட்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“அப்ப சரியாத்தானே காட்டுது?”

தமாஷாகத்தான் சொன்னார், பாவம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் தர்க்கம் நடத்தியிருக்கிறேன், அந்த மனிதரின் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. யாராவது நேரில் வந்து ஆள் இருப்பதைப் பார்த்தால்தான் வால்வைத் திறப்பார்களாம். என்றைக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாதாம். வரும்போது வீடு பூட்டியிருந்தால் பழையபடிதான்.

அதனால் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். தட்டினால் கேட்க வேண்டுமே என்று நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்து, வலது காது வாசல் பக்கம் இருக்கும்படி போட்டுக்கொண்டேன். தம்பி, இந்த வீட்டின் மத்தியானத்தை நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது. சமையலறை ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து கூடம் வரைக்கும் வருகிறது. மாடிப்படியில் யார் ஏறினாலும் எழுந்து நின்றேன். எல்லாரும் வேறு வேறு கதவுக்குப் போனார்கள். இரண்டாம் நாள் தாங்க முடியாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் வால்வு திருப்புகிற நீள இரும்புச் சாவி. மூச்சு வாங்கியது. “உங்க தெருவுல இதோட அஞ்சு வீடும்மா. எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க. எல்லாம் ஒத்த ஆளு. பின்னாடி வீட்டுப் பெரியவரு யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம கடையில தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு இருந்திருக்காரு” என்றாள். அப்புறம் கேட்டாள்.

“வீட்ல எத்தன பேரு?”

இரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஒருத்தி” என்றேன்.

“ஒருத்தர்தானாம்மா?”

“ஒருத்தர்தான்.”

அவள் கீழே போய்த் திறந்துவிட்டாள். குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. நான் அதை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

உனக்கு நான் ஒரு பொய்யும் எழுதவில்லை, பழைய கடிதங்களை எடுத்துப் பார். அத்தான் வெளியேதான் போயிருக்கிறார். போன ஆகஸ்டில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, “கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை அவர் வெளியே போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக உதவியது. பால்காரர் முதல் பிரின்சிபால் வீட்டம்மா வரை யார் கேட்டாலும் அதையே சொன்னேன். ஊருக்கெல்லாம் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கிறவள் நான், என் வீட்டில் நானே மறந்துவிட்டேன்.

உன் விதியில் ஒரு தப்பும் இல்லை. அந்த வீட்டில் யாரும் வாழவில்லை. விடிந்ததும் கிளம்பிவிடுவேன். குளியல் கல்லூரி விடுதியில், சாப்பாடு கேன்டீனில், துணி சலவைக் கடையில். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தில் போய், ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களோடு உட்கார்ந்திருப்பேன். அங்கே தனியாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். படுக்க மட்டும் வீட்டுக்கு வருவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிப்ரவரியிலேயே உனக்குத் தெரியும். ஆகஸ்டில் பாதி, அப்புறம் பாதியும் இல்லை என்று நீயே எழுதினாய். அவ்வளவு சரியாகக் கணித்தவன், ஏன் வந்து கதவைத் தட்டவில்லை?

அக்கா


ஜூன் 20

அக்கா,

தெரியும். ஆமாம்.

அத்தான் இல்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. கேட்டால் நீ உடைந்துவிடுவாயோ என்று பயம். நான் உடைந்துவிடுவேனோ என்றும் பயம். இங்கே எனக்கும் அறை, அலுவலகம், அறைதான். ஒவ்வொரு மாதமும் கணக்கு வந்ததும் முதலில் உன் வீட்டைத்தான் பார்ப்பேன். கொஞ்சமாவது ஓடியிருந்தால், சரி, அக்கா இருக்கிறாள் என்று நிம்மதி. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதத்தில் தெருவைப் பற்றிய பகுதியை மட்டும் மேலாளர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பண்டிதர்தான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். “ஆளில்லாம இருக்கறது வீட்டோட வகை இல்லங்க. இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். அத ஒரு பொருளா எப்படி எழுதுவீங்க?” என்றார். அவரைப் போய்க் கிண்டல் செய்தேனே. தட்டிப் பார்க்காமல் மூடக் கூடாது என்று உன் ஊரில் மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் கடிதம் வந்து சேர்வதற்குள் நான் அங்கே இருப்பேன்.

உன் தம்பி


ஜூலை 24

அன்புள்ள வாலுவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை நாம். நீ வருகிறாய் என்று சமைத்தேன். உப்புப் போட மறந்ததை நீயும் சொல்லவில்லை. குளியலறையில் நீ கண்டபடி பாடியதை மட்டும் இரண்டு காதாலும் கேட்டேன். நீ ரயில் ஏறின பிறகு வீடு முன்பைவிட மோசமாக இருந்தது. வந்திருக்கவே வேண்டாம் என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன்.

மறுநாள் அத்தானுக்குப் போன் செய்தேன். “வருவீங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டேன். அவர் சொல்வது காதில் விழாமல் போய்விடுமோ என்று போனை வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். “இல்ல. வரல” என்றார். தெளிவாகக் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அழுதேன். எங்கேயும் கிளம்பிப் போகவில்லை, இங்கேயே கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடம் ஊரெல்லாம் சுற்றி எதை ஒத்திப்போட்டேனோ அது ஒரு சாயங்காலத்தில் நடந்து முடிந்தது. முடிந்தது என்றால் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. நேற்றும் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்குப் போகாமல் துணி துவைத்தேன். நடுவில் பின் வீட்டுப் பெரியவர் வந்து, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த தடவை சொல்ல வேண்டும்.

இந்த மாதக் கணக்கு உனக்கு வந்திருக்கும். இனிமேல் என் மீட்டரைப் பார்க்காதே, தம்பி. அது அதிகமாக ஓடினாலும் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் இல்லை, குறைந்தாலும் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேள். கேட்டால் சொல்கிறேன்.

அக்கா